நன்றி சொல்லப் போன வருஷம்: சொந்தக்காரர்கள் விடாமல் கேட்கும் கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில்

2025 முழுக்க மாதம் ஒரு ஊர் என்று நாங்கள் ஐந்து பேரும் சுற்றிக்கொண்டிருந்தோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகன், நாலாவது படிக்கும் மகள், அப்புறம் என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா என்பதால் நாங்கள் எல்லாருமே அப்பத்தா என்றுதான் சொல்லுவோம். கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு, எங்கே போனாலும் இதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

ஏன் திடீரென்று இப்படிக் கிளம்பினீர்கள்? லாட்டரி விழுந்ததா?

விழுந்தது என் வீட்டுக்காரர்தான். 2023 நவம்பரில், கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், நாலுவழிச் சாலையில். மோட்டார் பம்பு உதிரிபாகம் விற்கிற வேலை, மாதத்தில் பாதி நாள் லைனுக்குப் போய்விடுவார். குறுக்கே நாய் வந்ததில் வண்டியோடு சரிந்து, இடது தொடை எலும்பு முறிந்து, முட்டியும் நொறுங்கிப்போனது. இரண்டு ஆபரேஷன், ஐந்து மாதம் படுக்கை, அதற்குப் பிறகும் ஊன்றுகோல்.

அந்த ஐந்து மாதம் எங்கள் வீடு எங்கள் கையில் இல்லை. பிள்ளைகளை நாத்தனார் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனார். திருச்சி சித்தப்பா ஆஸ்பத்திரியில் எத்தனையோ ராத்திரி தரையில் துண்டு விரித்துப் படுத்தார். முகமே பார்த்திராத இரண்டு காலேஜ் பையன்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஜூஸ் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அவர் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அப்பத்தா சொன்னார்: "எல்லார் கையிலயும் வாங்கிக்கிட்டோம், ஒருத்தர் வீட்டு வாசப்படியாவது மிதிச்சோமா?" அன்று சாயந்திரமே மகளின் பழைய நோட்டில் பெயர் எழுத உட்கார்ந்தோம். 23 பெயர் வந்தது. போனில் நன்றி சொல்வது கணக்கில் வராது, நேரில்தான் போக வேண்டும் என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கெங்கே போனீர்கள்?

பொங்கல் லீவில் நாமக்கல். தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு பழனி. மார்ச்சில் பரீட்சை, எங்கும் இல்லை. ஏப்ரல் கடைசியில் ராமேஸ்வரம் பக்கம். மே பாதிவரை வீட்டில்தான் இருந்தோம். மதுரைக்காரர்கள் சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு ஊரைத் தாண்டுவார்களா? மே 12 அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்கள் வீட்டில் பதினாறு பேர் தூங்கினார்கள். அது முடிந்ததும் கும்பகோணம். ஜூனில் சாரல் பிடித்ததும் தென்காசி, குற்றாலம். ஆடி அமாவாசைக்குக் குலதெய்வம், காரையாறு சொரிமுத்து அய்யனார். ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம். காலாண்டு லீவில் வேளாங்கண்ணியும் நாகூரும். ஐப்பசியில் குன்னூர், நவம்பரில் சென்னை, டிசம்பரில் கோவில்பட்டி. மொத்தம் பதினோரு பயணம்.

எவ்வளவு ஆனது? கடனா?

ஏறக்குறைய 92 ஆயிரம், எல்லாப் பயணத்துக்கும் சேர்த்து. கடன் இல்லை. நான் போட்டுவந்த மாதச் சீட்டை எடுத்தேன், புது ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்தது. பழைய ஃபிரிட்ஜ் இன்னும் லாரி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. லாட்ஜில் தங்கியது மொத்தமே ஐந்து ராத்திரிதான். மற்றதெல்லாம் யாருக்கு நன்றி சொல்லப் போனோமோ அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு, கூடுதல் கடனோடு திரும்பியது.

பிள்ளைகள் படிப்பு?

மொத்தம் நாலு நாள் லீவு. மீதியெல்லாம் பள்ளிக்கூட விடுமுறையும் சனி ஞாயிறும்தான். அரைவருஷம் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை என்று கிளப்பிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

72 வயதுப் பெரியவரை எப்படிக் கூட்டிப்போனீர்கள்?

நாங்கள் எங்கே கூட்டிப்போனோம், அவர்தான் எங்களை இழுத்துக்கொண்டு போனார். ஆனால் ரயில் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்ட சில சங்கதிகளைச் சொல்கிறேன். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியது, இன்னும் வரவில்லை. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: பெண்களுக்கு 45 வயதிலிருந்து, ஆண்களுக்கு 60 வயதிலிருந்து. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு வேலை செய்யாது. நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போட்டு, அப்பத்தாவுக்கு மேல் படுக்கை விழுந்து, ராத்திரி பத்து மணிக்கு எதிர் சீட்டுத் தம்பியிடம் கெஞ்சினோம். அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் தனி டிக்கெட். முன்பதிவும் இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. தட்கலை நம்பிக் கிளம்பாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் கிடைக்கும். மகளுக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படி. என்னோடு படுத்துக்கொண்டு என் விலாவில் உதைத்துக்கொண்டே வந்தாள், காசு மிச்சம்.

போன வீட்டுக்கெல்லாம் என்ன வாங்கிப் போனீர்கள்? பணம் கொடுத்தீர்களா?

பணம் யாருக்கும் இல்லை. ரத்தம் கொடுத்த பையனிடம் இவர் ஒரு கவரை நீட்டப் போக, அந்தப் பையன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, கவர் திரும்பச் சட்டைப்பைக்குள் போனது. ஒவ்வொரு கிளம்பலுக்கும் முதல் நாள் அப்பத்தா சீப்புச் சீடையும் கைமுறுக்கும் சுடுவார். ஒரு தூக்குவாளி நிறைய அது, ஒரு முழம் மதுரை மல்லிகை, வெற்றிலை பாக்கு. மல்லிகை ராமேஸ்வரம் போவதற்குள்ளேயே வாடிவிடும், இருந்தாலும் விடமாட்டார்.

அந்த லாரி டிரைவரை நிஜமாகவே தேடிப் போனீர்களா?

போனோம். முதல் பெயரே அவர்தான்.

அன்று நடந்தது இது. இவர் விழுந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்த நாமக்கல் லாரி ஒன்று அங்கே நின்றிருந்தது. டிரைவரும் டீக்கடைக்காரரும் ஓடிவந்து, காலை அசைக்காமல் தூக்க வேண்டும் என்று கடை பெஞ்சையே ஸ்ட்ரெச்சராக்கி, 108 வந்ததும் அப்படியே பெஞ்சோடு கொண்டுபோய் ஏற்றியிருக்கிறார்கள். டிரைவர் லாரியை கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸிலேயே கூடவே போனார். மதுரையிலிருந்து நான் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் லுங்கியில் ரத்தக்கறையோடு ஒருவர் நின்று, "அக்கா, எண்ணிப் பாத்துக்கங்க" என்று ஒரு பையை நீட்டினார். கடைகளில் வசூலித்த பணம், 38 ஆயிரம் சொச்சம். எண்ணவில்லை. அவருடைய நம்பரை மட்டும் எப்படியோ வாங்கி வைத்திருந்தேன்.

அந்த நம்பருக்குப் போன் பண்ணியபோது முதலில், எந்த விபத்து என்று கேட்டார். அவர் பார்த்த விபத்துகள் அத்தனை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவர் ஊருக்குப் போனோம். கட்டணமில்லாத வெள்ளை போர்டு பஸ். எனக்கும் அப்பத்தாவுக்கும் மகளுக்கும் காசு கிடையாது, ஆம்பிளைகள் இரண்டு பேருக்குத்தான் டிக்கெட். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை. வாங்க, உக்காருங்க என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். மனுஷன் நேராக இவர் காலைப் பார்த்து, "முட்டியை மடக்கிக் காட்டுங்கண்ணா" என்றார். இவர் திண்ணையில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மடக்கினார். முக்கால்வாசிதான் மடங்கும், அதற்கு மேல் கம்பி விடாது. டிரைவர் குனிந்து, தழும்பு மேலே ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பி, "ஏ புள்ள, நடக்குறாருடி" என்று கத்தினார். அந்தக்கா கரண்டியோடு ஓடிவந்தார். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. அப்பத்தாதான் தூக்குவாளியைத் திறந்து, "முறுக்கு சாப்பிடுங்கய்யா" என்றார்.

மதியம் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். சாப்பிடும்போது கேட்டேன், போலீஸ், கேஸு என்று உங்களை இழுப்பார்களே, பயமாக இல்லையா என்று. "பயமாத்தான் இருந்துச்சு, அன்னிக்கு லோடு லேட்டுன்னு ரெண்டு நாள் வாடகையும் போச்சு" என்றார், குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல். இதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். விபத்தில் சிக்கியவருக்கு நல்ல மனதோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல் என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு ஏற்கிற திட்டமும் இருக்கிறது. அவருக்கு இரண்டும் தெரியாது. தெரியாமலேதான் ஏறிப் போயிருக்கிறார்.

மறுநாள் அவரே எங்களைக் கொல்லிமலைக்குக் கூட்டிப்போனார். 70 கொண்டை ஊசி வளைவு. மகள் 31 வரை எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு வாந்தி.

புதுப் பாம்பன் பாலத்தில் போனீர்களாமே, எப்படி?

பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது, நாங்கள் அந்த மாதக் கடைசியில் போனோம். ரத்தம் கொடுத்த பையன் ஒருவன் ராமேஸ்வரம் பக்கம். பாலம் வந்ததும் ரயில் வேகம் குறைந்து ஊர்கிறது, ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர் என்று எதுவும் கண்ணில் படாததால் தண்ணீர் மேலேயே போகிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே 1914இல் திறந்த பழைய பாலம், துருப்பிடித்து, ரயில் இல்லாமல். பழையதில் கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டு பக்கமும் கை தூக்குகிற மாதிரி திறக்கும். புதியதில் நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். மகன் இதைத் தூக்குவாளி மூடியை வைத்துப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் செய்து காட்டினான், முறுக்கு பாதி கொட்டியது.

தனுஷ்கோடிக்கும் போனோம். அப்பத்தா பிறந்தது ராமநாதபுரம் பக்கம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்து, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனபோது அவருக்குப் பதினொரு வயது. அன்று இவர்கள் ஊரிலும் கூரை பறந்திருக்கிறது. இதுவரை வீட்டில் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இடிந்த சர்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அன்று அவருடைய அம்மா பிள்ளைகளை எல்லாம் நெல் குதிரோடு சேர்த்துக் கயிறு கட்டி வைத்ததையும், விடிந்து பார்த்தால் முற்றத்தில் மீன் கிடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். இவருக்கே அது புதுக்கதை. நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்த அம்மா. வீட்டில் இருந்தால் டிவிதான் ஓடியிருக்கும், இந்தப் பேச்சு வந்திருக்காது.

நீங்கள் வேளாங்கண்ணி, நாகூர் எல்லாம் போவீர்களா?

எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள் எங்கே வேண்டிக்கொண்டார்களோ அங்கே போக வேண்டாமா? அடுத்த வீட்டு அக்கா இவர் ஐசியூவில் இருக்கும்போது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். இவர் சரக்குப் போடுகிற கடைக்காரர் பாய், நாகூர் ஆண்டவருக்கு. அவர்களையும் கூட்டிக்கொண்டே போனோம். செப்டம்பர் 8 திருவிழா நெரிசல் முடிந்து காற்றாட இருந்தது. வேளாங்கண்ணியில் கை, கால், கண் என்று தகட்டில் செய்த உருவங்கள் விற்பார்கள். அக்கா ஒரு காலை வாங்கி, இடது காலா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் காசு கொடுத்தார். நாகூர் தர்காவில் ஐந்து மனோரா, கோபுரம் மாதிரி. அதில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அதைக் காட்டி பாய், "பாத்தீங்களா, நேர்ச்சை வெக்கிறதுல உங்க ஆளுங்களுக்கு நாங்க சளைச்சவங்க இல்ல, எங்களுக்கு அவங்களும் சளைச்சவங்க இல்ல" என்றார்.

கால் கணக்கு அதோடு முடியவில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது, அவருக்கு நேர்ச்சை தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பைச் சாமி ராத்திரி போட்டு நடப்பதாக நம்பிக்கை, அதனால் அது தேய்ந்திருக்குமாம். இவர் ஒன்பதாம் நம்பர் சைஸில் ஒரு ஜோடி கட்டினார். பழனியில் மொட்டை, மகனுக்கும் சேர்த்து நேர்ந்திருந்தோம், அவன் பள்ளிக்கூடத்தில் கிண்டல் பண்ணுவார்கள் என்று ஒரே அடம், கடைசியில் பூமுடியோடு விட்டோம். படி ஏறுவேன் என்று இவரும் அடம். பாதி படியில் உட்கார்ந்துவிட்டு, இறங்கிவந்து வின்ச்சில் போனார்.

ஒரு வருஷம் ஒன்றாகவே சுற்றினீர்களே, சண்டையே வராதா?

வராமல்? குன்னூர் பயணத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் கல்யாணமாகிக் குன்னூரில் இருக்கிறாள். மலை ரயிலில்தான் போக வேண்டும் என்று இவர். ஐப்பசி மழையில் மண் சரியும், பிப்ரவரியில் போவோம் என்று நான். கேட்டால்தானே. பல்சக்கரத்தில் கல்லாரிலிருந்து குன்னூர்வரை ஏறுகிற அதிசயம், 1908லேயே ஊட்டிவரை போட்டுவிட்டார்கள், 208 வளைவு, 16 குகை என்று இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். விடியற்காலை மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் போய் நின்றால், மண்சரிவு, ரயில் ரத்து. நான் சொன்னேனே என்று நான் சொன்னது தப்புதான். அவர் சுற்றுலா, காசு, என் அப்பா வீடு, 2011இல் நடந்த ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்தார். நானும் விடவில்லை. பிள்ளைகள் நீராவி இன்ஜின் பக்கம் நழுவிவிட்டன. அப்பத்தா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, "ஆறிப்போனா நல்லா இருக்காது. சாப்புட்டுட்டு மிச்சச் சண்டையப் போடுங்க" என்றார்.

சாப்பிட்டோம். மிச்சச் சண்டையை பஸ்ஸில் போட்டோம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மேல் பகுதி ரயில் ஓடியது, அதிலாவது ஏறினோம். ஒன்று மட்டும்: நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை, சோதனைச்சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸும் எடுக்க வேண்டும், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது இருக்கிறது. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை.

பட்டியலில் யாரையாவது பார்க்க முடியாமல் போனதா?

ஒருவரை. டீக்கடைக்காரரை.

கோவில்பட்டி பக்கத்து ஊர்தானே, இரண்டு மணி நேரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளித் தள்ளி டிசம்பருக்குக் கொண்டுவந்துவிட்டோம். போனால் கடை பூட்டிக்கிடந்தது. எதிரே பஞ்சர் கடையில் கேட்டோம். அவர் ஆவணியிலேயே போய்விட்டாராம், நெஞ்சுவலி. ஆவணியில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்த நாள்கள்கூட உண்டு.

ஊருக்குள் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவிக்கு நாங்கள் யார் என்றே தெரியவில்லை. அவர் அந்த விபத்தைப் பற்றி வீட்டில் சொல்லவே இல்லை. கடைச் சாமான் எல்லாம் திண்ணையில் கிடந்தது: பாய்லர், கண்ணாடி ஜாடி, அந்த பெஞ்சு. "உக்காருங்க, பாத்து, ஒரு கால் ஆடும்" என்றார். அன்றைக்கு ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது பெஞ்சு கை நழுவிக் கீழே விழுந்தது என்று நாமக்கல் டிரைவர் சொல்லியிருந்தார். இவர் எதுவும் பேசாமல் தரையில் ஒரு முட்டியைப் போட்டு, மடங்குகிற அளவு மடக்கி, பெஞ்சுக்கு அடியில் குனிந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருமுனையில் ஆசாரி ஒருவர் இருந்தார். கூப்பிட்டு வந்து, ஆப்பு அடித்து, ஆணி இறக்கி, ஆட்டம் நின்ற பிறகுதான் கிளம்பினோம். அந்தம்மா கறுப்பு டீ போட்டுக் கொடுத்தார், கிளம்பும்போது கடலைமிட்டாய் ஒரு பொட்டலம்.

ஃபோட்டோ எல்லாம் எங்கே?

போனில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன். பாதியில் மகள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருஷமும் கிளம்புவீர்களா?

சீட்டுப் பணம் தீர்ந்தது, ஃபிரிட்ஜ் வேறு இப்போது கசிய ஆரம்பித்திருக்கிறது. இனி எங்கள் முறை இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நாமக்கல்லிலிருந்து குடும்பத்தோடு எட்டுப் பேர் வருகிறார்கள், டீக்கடை அம்மாவும் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், குன்னூர்ப் பெண் கைக்குழந்தையோடு வருகிறாள். அழகரைப் பார்க்க ஆழ்வார்புரம் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் கூடுதலாகப் பாய், தலையணை இருந்தால் கொடுத்து உதவுங்கள், இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடுவேன்.